501-ஆவது யூனிட் என்ன விலை?

கரன்ட் பில் 2,124 ரூபாய் வந்திருக்கிறது, 510 யூனிட். வகுத்துப் பார்த்தால் யூனிட் 4 ரூபாய் 16 காசு. இந்தக் காலத்தில் இது ஒரு விலையா என்று தோன்றும். வீட்டுச் செலவுக் கணக்கில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இந்த வகுத்தல்தான். விடை தப்பில்லை, ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஏசியை இன்னும் ஒரு மணி நேரம் ஓட விடலாமா, ஃபேனை மாற்றலாமா, இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா என்ற கேள்விகளுக்குத் தேவையான எண் வேறு: கடைசியாகச் சேர்ந்த யூனிட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம்?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த வீதத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 235 + 940 + 630 = 1,805 ரூபாய். 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும். 2.35 என்ற சலுகை வீதம் போய், 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகிவிடும். 1,410 + 630 + 8.40 = 2,048.40 ரூபாய். 501-ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

இப்போது அந்த 510 யூனிட் வீட்டுக்கு வருவோம். 480-இல் நிறுத்தியிருந்தால் பில் 1,679 ரூபாய்தான். கூடுதலாக ஓடிய 30 யூனிட்டுக்குக் கொடுத்தது 445 ரூபாய், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 15 ரூபாய். சராசரி 4.16 என்று சொன்ன அதே பில்தான் இது. 500-ஐத் தாண்டியபின் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55 என்று படிப்படியாக ஏறும். அரசு வீதத்தை மாற்றினால் எண்களை மாற்றிக்கொள்ளலாம், கணக்குப் போடும் வழி அதேதான்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது ஒரு கழித்தல். கணக்கெடுத்த அன்று இருந்த ரீடிங்கை எழுதி வையுங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் தேதி, நேரம், பவர் ஃபேக்டர் என்று எண்கள் மாறி மாறி வரும். கிலோவாட்-அவர் (kWh) என்ற குறியோடு வருவதுதான் நமக்குத் தேவை. 60 நாளைக்கு 500 என்றால் நாளுக்கு 8.3 யூனிட். 30-ஆம் நாள் 250-க்குள் இருக்க வேண்டும். 45-ஆம் நாள் 400 ஆகிவிட்டது என்றால், அதே வேகத்தில் போனால் 533-இல் முடியும். மிச்சமிருக்கும் 15 நாளைக்கு 100 யூனிட், அதாவது நாளுக்கு 6.6 யூனிட்டுக்குள் ஓட்டினால் தப்பிக்கலாம்.

கணக்கெடுக்க வருபவர் தாமதமாக வந்தாலும் இதே கதைதான். 60 நாளில் 490 யூனிட் ஓடும் வீட்டில் 3 நாள் கழித்து ரீடிங் எடுத்தால் 514 ஆகியிருக்கும். 1,742 வர வேண்டிய பில் 2,157 ரூபாய் 60 காசு ஆகும். அடுத்த சுற்று 3 நாள் குறைவாக இருக்கும், அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுற்று 500-ஐத் தாண்டாமல் இருந்தால், யூனிட்டுக்கு 6.30 வீதம் 150 ரூபாய் போலத்தான் கிடைக்கும், முழு 415 திரும்பாது. 500-ஐ ஒட்டி ஓடும் வீடுகள் 480-ஐ இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டர் சிமிட்டுவதை எண்ணுங்கள்

எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் சிக்கனம் பேசிப் பயனில்லை. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று போட்டிருந்தால் 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டியதை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். 80 முறை என்றால் 80 × 60 ÷ 3200 = மணிக்கு 1.5 யூனிட். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு நிற்காமல் சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாடியில் யாரோ உங்கள் லைனில் மோட்டார் போட்டிருக்கிறார்கள்.

ஏசிக்கு இந்த ஒரு நிமிடக் கணக்கு போதாது. இன்வெர்ட்டர் ஏசி போட்டவுடன் அதிகம் இழுத்து, அறை குளிர்ந்தபின் குறைத்துக்கொள்ளும். ராத்திரி தூங்கும் முன் ஒரு ரீடிங், காலையில் ஒரு ரீடிங் எடுத்து, ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கழித்துப் பாருங்கள். கடையில் பார்க்கும் ஸ்டார் ஸ்டிக்கரில் இருக்கும் வருடாந்திர யூனிட், 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் ஸ்டிக்கரில் 250 யூனிட் வித்தியாசம், விலையில் 8,000 ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம். கோடையில் மட்டும் 90 நாள், இரவு 8 மணி நேரம் ஓட்டும் வீட்டுக்கு 720 மணி நேரம்தான் ஆகிறது. மிச்சம் 112 யூனிட். கோடையில் 600-ஐத் தாண்டும் வீடென்றால் 9.45 வீதம் வருடத்துக்கு 1,060 ரூபாய் போல. போட்ட 8,000 திரும்ப ஏழரை வருடம். வருடம் முழுக்க ஓட்டுகிற வீட்டுக்கு 5 ஸ்டார் நிச்சயம் லாபம். கோடைக்கு மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஃபேன் விஷயத்தில் பதில் வீட்டுக்கு வீடு மாறும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 15 மணி நேரம், 60 நாளைக்கு 900 மணி நேரம். 67 யூனிட் இழுத்த இடத்தில் 27. மிச்சம் 40 யூனிட். 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு இது 188 ரூபாய். 450 ஓடும் வீட்டுக்கு 252. ஆனால் 530 ஓடும் வீடு 490-க்கு இறங்கும்போது 2,292-இலிருந்து 1,742-க்கு வருகிறது, அதாவது ஒரே ஃபேனால் 550 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேனுக்குப் போட்ட பணம் இந்த வீட்டுக்கு ஆறு பில்லில் திரும்பிவிடும். 180 யூனிட் ஓடும் வீட்டுக்கு ஐந்து வருடம் ஆகும். பக்கத்து வீட்டில் பில் குறைந்ததென்று நாமும் வாங்கினால் குறையும் என்பதில்லை. இன்னொன்று, 75 வாட் என்பது முழு வேகத்தில்தான். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் 2-இல் வைத்து ஓட்டுபவர்களுக்கு இந்த மிச்சம் வராது. பழைய பெரிய ரெகுலேட்டராக இருந்தால் வேகத்தைக் குறைத்தாலும் மீதி சூடாகத்தான் போகும்.

சிலிண்டரா, இண்டக்‌ஷனா

முதலில் சிலிண்டர். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. காலி சிலிண்டரின் எடை கழுத்துப் பகுதியில் குறித்திருக்கும். 15.6 என்று இருந்தால் நிறைந்தது 29.8 கிலோ இருக்க வேண்டும். டெலிவரிக்கு வருபவரிடம் தராசு இருக்கும், எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். பாதியில் சந்தேகம் வந்தால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினில் நிறுத்துங்கள். 22.7 காட்டினால் சரியாகப் பாதி. 40 நாள் வரும் வீட்டில் நாளுக்கு 355 கிராம் ஆகிறது, எனவே இன்னும் 20 நாள்.

ஒரு கிலோ எரிவாயுவில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் பாத்திரத்தில் ஏறும், மீதி பக்கவாட்டில் போய்விடும். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போல ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலைக்கு 10 யூனிட், ஒரு சிலிண்டருக்கு 140 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 900 ÷ 140 = 6.43. யூனிட் இதற்குக் கீழே கிடைத்தால் இண்டக்‌ஷன் மலிவு, மேலே போனால் கேஸ் மலிவு. உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 140-ஆல் வகுத்தால் உங்களுக்கான எண் வந்துவிடும்.

இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். "நமக்கு யூனிட் 4.70 தானே, கேஸையே நிறுத்திவிடலாம்" என்பார்கள். 300 யூனிட் ஓடும் வீடு, பில் 705. இரண்டு மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டர் ஆகிறது, 1,350 ரூபாய். சமையல் முழுவதையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 210 யூனிட் கூடி 510 ஆகும். பில் 2,124. கூடியது 1,419 ரூபாய். மிச்சம் பிடிக்கப் போய் 69 ரூபாய் நஷ்டம். அதே வீடு பாதிச் சமையலை மட்டும் மாற்றினால் 105 யூனிட் கூடி 405-இல் நிற்கும். பில் 1,206.50. கூடியது 501.50, மிச்சமான கேஸ் 675 ரூபாய். 173 ரூபாய் லாபம். பாலும் வெந்நீரும் குக்கரும் இண்டக்‌ஷனில், தாளிப்பும் தோசையும் கேஸில் என்று பிரித்துக்கொள்வது கணக்குக்கும் ஒத்துவரும், கைப்பக்குவத்துக்கும் ஒத்துவரும்.

அலுமினியப் பாத்திரமும் மண்சட்டியும் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதும். புதிதாக வாங்கும் பாத்திரத்தின் விலையையும் கணக்கில் சேருங்கள். 2,000 வாட் அடுப்பை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் ப்ளக்கில் செருகினால் ப்ளக் சூடாகி உருகலாம். வாட்டர் ஹீட்டருக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் இதே எச்சரிக்கை. ஒரு சார்ஜுக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாதத்தில் 25 முறை என்றால் 87 யூனிட். 430 யூனிட் வீட்டில் அது 517-க்குக் கொண்டுபோய்விடும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான். விற்பவர் சொன்ன அளவுக்கு மலிவு இல்லை, அவ்வளவுதான்.

கடைக் கணக்கை விரைவாக முடித்துவிடலாம். அரிசி மூட்டை 26 கிலோவில் வருவதற்குக் காரணம் வரி. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பாக்கெட் செய்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் இல்லை. அதனால் மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிடாமல் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். எண்ணெயில் லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம். பாக்கெட் நல்லெண்ணெய் லிட்டர் 360, செக்கில் கிலோ 380 என்றால் செக்கு விலை அதிகம் போலத் தெரியும். 360 ÷ 0.91 = 396. செக்கில் வாங்குவதுதான் மலிவு. லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும் 850 கிராம் பாக்கெட்டும் கடையில் உண்டு, எடையைப் படியுங்கள். "50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" தள்ளுபடி என்றால் 70 இல்லை, 60.

கிலோமீட்டர் கணக்கு

காரின் மைலேஜ் தெரியாமல் பயணச் செலவு பேச முடியாது. பங்கில் முனை தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை பில்லில் இருக்கும் லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை எடுத்தால் நம்பலாம். ஆனால் வந்த மைலேஜ்களைக் கூட்டிச் சராசரி போடாதீர்கள். டவுனுக்குள் 300 கி.மீ., லிட்டருக்கு 12. ஹைவேயில் 300 கி.மீ., லிட்டருக்கு 20. சராசரி 16 என்று தோன்றும். குடித்தது 25 + 15 = 40 லிட்டர், ஓடியது 600. ஆகவே 15.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஹைவே மைலேஜ் 16 என்றால் கிலோமீட்டருக்கு 6.25. நான்கு டயர் 20,000 ரூபாய், 40,000 கி.மீ. ஓடும் என்றால் 50 காசு. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ், 7,000 ரூபாய் என்றால் 70 காசு. மொத்தம் 7.45. இன்சூரன்ஸ், இஎம்ஐ இரண்டையும் இதில் சேர்க்கக் கூடாது. வண்டி வீட்டு வாசலில் நின்றாலும் அந்தப் பணம் போகத்தான் போகிறது. கார் வாங்கலாமா என்று யோசிக்கும்போது அவை வேண்டும், இந்த வாரம் மதுரைக்குக் காரில் போகலாமா என்று யோசிக்கும்போது வேண்டாம்.

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. 7.45 வீதம் 3,427 ரூபாய். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று எட்டு டோல்கேட். 600 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 4,027. ரயிலில் மூன்றடுக்கு ஏசி தலைக்கு 900 என்றும், இரண்டு ஊரிலும் சேர்த்து ஆட்டோவுக்கு 600 என்றும் வையுங்கள். மூன்று பேருக்கு 3,300, ரயில் மலிவு. நான்கு பேருக்கு 4,200, கார் சற்று மலிவு. ஸ்லீப்பரில் தலைக்கு 350 என்றால் நான்கு பேருக்கும் 2,000-த்தில் முடிந்துவிடும், கார் பக்கத்திலேயே வர முடியாது. கார் செலவு தலைக்கு ஏறுவதில்லை, ரயில் செலவு தலைக்குத் தலை ஏறும்.

டோலுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15-இல் வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. ஒரு டோல்கேட்டைக் கடந்தால் ஒரு முறை, ஆக 15 ரூபாய். மதுரைக்குப் போய் வர 16 முறை. மேலே சொன்ன வீதத்தில் போய் வர 1,200 ஆகிறது, எனவே வருடத்தில் மூன்று தடவை போனாலே பாஸ் லாபம். இது தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும்தான். மாநில அரசுச் சாலைகளில் மட்டுமே போய் வருபவர் வாங்கி வைத்துப் பயனில்லை. பாஸ் இல்லாமல் போகிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான்.

புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்கு 4 ரூபாய் போலக் குறைவு என்று திண்டிவனத்தில் வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. 30 லிட்டர் போட்டால் மிச்சம் 120 ரூபாய். போக வர 70 கி.மீ.க்கு ஆகும் செலவு 521 ரூபாய்.

வாடகை டாக்சியில் கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டு ஏறுவதுதான் பெரிய தவறு. வெளியூர் போய்த் திரும்பும் வண்டிக்கு நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்கு வைப்பார்கள். ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். சென்னையிலிருந்து திருவண்ணாமலை 195 கி.மீ. கிலோமீட்டருக்கு 13, டிரைவர் பேட்டா நாளுக்கு 400 என்று வைப்போம். மூன்று நாள் வைத்துக்கொண்டால் ஓடியது 390, பில் போடுவது 750 கிலோமீட்டருக்கு. 9,750 + 1,200 = 10,950 ரூபாய். அதையே போகும்போது ஒரு டிராப் டாக்சி (ஒரு வழி மட்டும் கொண்டுவிடும் வண்டி), வரும்போது ஒரு டிராப் டாக்சி என்று பிடித்தால், கிலோமீட்டருக்கு 14 என்று ஒரு ரூபாய் கூடவே கேட்டாலும், 2,730 + 400 = 3,130, இரண்டுக்கும் 6,260. ஊருக்குள் ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபாய் போனாலும் மிச்சம் 3,690.

அன்றே திரும்புவதாக இருந்தால் நிலைமை மாறும். 390 கி.மீ., அதோடு வண்டி நிறுத்தியிருக்கும் ஷெட்டிலிருந்து கணக்கு என்பார்கள். ஷெட் 20 கி.மீ. தள்ளி இருந்தால் போக வர 40 சேர்ந்து 430. 5,590 + 400 = 5,990. டிராப்பைவிட 270 ரூபாய் குறைவு, வண்டியும் கையிலேயே இருக்கும். ஆனால் கிரிவலத்துக்குப் போகிறவர்கள் மதியம் கிளம்பி, ராத்திரி 14 கி.மீ. நடந்து, விடியற்காலை வீடு சேர்வார்கள். தேதி மாறினால் இரண்டு நாள் என்று கணக்கு வைக்கும் வண்டியானால் 500 கி.மீ., இரண்டு பேட்டா, 7,300 ரூபாய். நாள் என்பது 24 மணி நேரமா, ராத்திரி 12 மணியா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். பௌர்ணமி அன்று அந்த ஒரு கேள்விக்கு 1,310 ரூபாய்.